காற்று வருகிறது, குளிர் வரவில்லை

"ஏ.சி. போட்டால் காத்து வருது, குளிர் வருதில்ல." பங்குனி, சித்திரை வெயில் காலத்தில் கராஜ்களில் அதிகம் கேட்கின்ற முறைப்பாடு இதுதான். இதற்குக் கிடைக்கின்ற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "காஸ் முடிஞ்சிருக்கு, அடிச்சாச் சரி." காஸ் அடிக்கப்படுகிறது, பணம் கைமாறுகிறது, சில வாரங்கள் குளிர்கிறது. பின்னர் மீண்டும் அதே வெக்கைக் காற்று.

சகோதரிகளே, இந்தப் பதிலில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. வாகன ஏ.சி.யின் காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. சமையல் காஸைப் போல பாவிக்கப் பாவிக்கக் குறைவதுமில்லை. அது மூடிய குழாய்களுக்குள்ளே சுற்றிச் சுற்றி வருகின்ற ஒன்று. எமது சமையலறையில் பத்துப் பதினைந்து வருடமாக நிற்கின்ற குளிர்சாதனப் பெட்டிக்கு வருடா வருடம் நாம் காஸ் அடிக்கிறோமா? வாகனத்தில் காஸ் குறைந்திருந்தால் அது எங்கேயோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசியும் இடத்தைத் தேடாமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதற்குச் சமம்.

இங்கே ஒரு விடயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வாகனம் குலுங்கி ஓடுவது. அதன் ஏ.சி.யில் இறப்பர் குழாய்களும் சீல்களும் இருக்கின்றன. அவற்றினூடாக மிகச் சிறிதளவு காஸ் வருடக்கணக்கில் கசியத்தான் செய்யும். ஆறேழு வருடம் ஓடிய வாகனத்துக்கு ஒரு தடவை காஸ் தேவைப்பட்டால் அதில் சந்தேகப்பட எதுவுமில்லை. ஆனால் ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை தேவைப்பட்டால் அங்கே ஓட்டை இருக்கிறது. அதைத் தேடச் சொல்லும் உரிமை பணம் கொடுக்கும் உங்களுக்கு உண்டு.

ஏன் பெண்களுக்கு இது?

பெண்கள் சஞ்சிகையில் ஏ.சி. திருத்தம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எமது சமூகத்தில் அடுப்படிச் சாமான் பெண்ணுக்கு, எஞ்சின் ஆணுக்கு என்ற பால்நிலைப் பாகுபாடு சிறுவயதிலேயே ஊட்டப்படுகிறது. ஆனால் நடைமுறை மாறிவிட்டது. கணவர் வெளிநாட்டில் இருக்க பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றி இறக்குபவர், முதிய பெற்றோரை கிளினிக்குக்குக் கொண்டுசெல்பவர், பாடசாலை வான் ஓட்டிக் குடும்பத்தைத் தாங்குபவர் எனப் பலர் எம்மிடையே இருக்கிறார்கள். வாகனம் அவர்கள் கையில் இருக்கிறது. வாகனம் பற்றிய அறிவு மட்டும் வேறொருவர் கையில் இருக்கிறது. இந்த இடைவெளிக்குள்தான் பணம் வீணாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் எமது வாகனங்களுக்கெல்லாம் வயது கூடியது. மாற்றி வாங்கியிருக்க வேண்டிய வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓடுகின்ற குடும்பங்கள் இன்றும் ஏராளம்.

எனது பணியின்போது அறிமுகமான ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையோர ஊர் ஒன்றில் பாடசாலை வான் ஓட்டுபவர். கணவருக்கு விபத்தில் கால் இயலாமற்போன பின்னர் வானைத் தன் கையில் எடுத்தவர். அவரது வானில் வருவோரில் பாதிப்பேர் முன்பள்ளிச் சிறுவர்கள். உச்சி வெயிலில் வீடு திரும்புபவர்கள். ஏ.சி. இருப்பதால்தான் பெற்றோர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து அந்த வானைத் தெரிவு செய்திருந்தார்கள். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் மூன்று தடவை காஸ் அடித்தார். மூன்றாவது தடவை அவர் கேட்டிருக்கிறார்.

"பாஸ், எங்க லீக் ஆகுதெண்டு பாத்தீங்களா?"

"அதெல்லாம் தேடப் போனா நாள் போகும் அக்கா. வான் ஓடாட்டி உங்களுக்குத்தானே நட்டம். காஸ அடிச்சுக்கொண்டு போங்க."

அந்தப் பதிலில் ஓர் உண்மையும் இருந்தது. வான் ஒரு நாள் நின்றால் அன்றைய பிள்ளைகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அவசரத்தில் இருப்பவரிடம் அரைகுறை வேலையை விற்பது இலகு. இதற்கிடையில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு வானுக்கு மாற்றிவிட்டன.

பாடசாலை விடுமுறையில் அவர் வேறு கராஜுக்குப் போனார். அங்கே குழாய்களுக்குள் நைதரசன் வாயுவை அழுத்தி நிரப்பி, சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தார்கள். பின் ஆசனங்களுக்குக் குளிர் கொண்டுபோகின்ற அலுமினியக் குழாய் வானின் அடிப்பகுதியில், பின் சில்லுக்கு அருகில், சேறும் உப்பும் படிந்து அரித்துப்போயிருந்தது. அவ்விடத்தில் நுரை குமிழ்விட்டது. குழாயின் அந்தத் துண்டை மாற்றி, ஓ ரிங், ட்ரையர் என்பவற்றையும் புதிதாகப் போட்டார்கள். முன்னர் மூன்று தடவை காஸுக்குக் கொடுத்த மொத்தத் தொகையை விட இதற்குக் குறைவாகவே செலவானது. கடலோரப் பிரதேசங்களில் வான் வைத்திருப்போர் இந்த அடிக்குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொனட்டைத் திறந்து பார்ப்பவர்கள் பலர் வானின் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

குளிர் எப்படி வருகிறது?

கையில் சிறிது ஓடிக்கொலோன் ஊற்றினால் அது ஆவியாகும்போது கை குளிர்கிறதல்லவா? திரவம் ஆவியாவதற்குச் சூடு தேவை. அந்தச் சூட்டை அது எமது தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏ.சி.யின் தத்துவம் இவ்வளவுதான். எமது வாகனங்களில் பெரும்பாலும் உள்ள ஆர்-134ஏ என்ற காஸ் சாதாரண அழுத்தத்தில் சைபருக்குக் கீழ் 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கின்ற கூலிங் கொயிலில் அது ஆவியாகி, வாகனத்தினுள் உள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த கொம்பிரசர் அந்த ஆவியை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கொண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூடு வெளிக்காற்றோடு போக, காஸ் மீண்டும் திரவமாகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் சுடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே குளிர் வராததற்குக் காஸ் குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கொம்பிரசர் இயங்காமல் இருக்கலாம், சூடு வெளியே போகாமல் இருக்கலாம், குளிர்ந்த காற்று உள்ளே வந்து சேராமல் இருக்கலாம். எது என்பதைக் கராஜுக்குப் போகுமுன் வீட்டு முற்றத்திலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முற்றத்தில் பார்க்கக்கூடியவை

முதலில் பட்டன்கள். சிரிக்க வேண்டாம். முன் ஆசனத்தில் இருந்த பிள்ளை சூட்டுக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பி வைத்திருந்தால் எந்த ஏ.சி.யும் குளிராது. ஏ.சி. பட்டனின் சிறிய விளக்கு எரிகிறதா, குமிழ் நீலப் பக்கம் கடைசி வரை இருக்கிறதா, வெளிக்காற்றை எடுக்காமல் உட்காற்றையே சுற்றவிடும் பட்டன் போடப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். குமிழை எவ்வளவு திருப்பினாலும் காற்றின் சூட்டில் மாற்றமே இல்லையென்றால், சுடுகாற்றையும் குளிர்காற்றையும் பிரிக்கின்ற உட்கதவு இறுகியிருக்கலாம். அதற்கும் காஸுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது காற்றின் வேகம். காற்று குளிராக, ஆனால் மெலிதாக வருகிறதென்றால் ஏ.சி. பில்டரைப் பாருங்கள். பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் அது கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கிளவ் பொக்ஸின் இருபக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே சாயும். ஆயுதம் எதுவும் தேவையில்லை. உள்ளே புழுதி, காய்ந்த இலை, சில வேளைகளில் எலிக் கூடுகூட இருக்கும். எலிகள் இலையையும் கிழிந்த துணியையும் மட்டும் கொண்டுவருவதில்லை. வயர்களையும் கடித்து வைக்கின்றன. புது பில்டர் போடுவது பெண்கள் தாமாகவே செய்யக்கூடிய ஐந்து நிமிட வேலை.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் வெக்கையாக வருகிறது என்றால் பொனட்டைத் திறக்க வேண்டியதுதான். அதற்கு முன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சேலைத் தலைப்பு, ஷோல், தொங்கும் பின்னல் எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பெல்ட்டும் விசிறியும் துணியை இழுத்தால் கையையும் சேர்த்தே இழுக்கும். ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை பார்க்கிங்கில் வைத்து, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது எதையும் தொடக்கூடாது. பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே.

ஒருவர் உள்ளே இருந்து ஏ.சி. பட்டனை அழுத்தட்டும். கொம்பிரசர் பக்கமிருந்து 'டக்' என்ற சத்தம் வரவேண்டும். அதன் முன்தட்டு சுழலத் தொடங்கும். அதுதான் மெக்னட் கிளச். எஞ்சினின் சத்தமும் சற்று மாறும். கிளச் இல்லாத சில புதிய வகைக் கொம்பிரசர்களில் இந்தச் சத்தம் வராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கிளச் உள்ள வாகனத்தில் 'டக்' வரவில்லையென்றால் பியூஸ், ரிலே, வயர், கிளச் ஆகியவற்றுள் ஒன்று பழுதாக இருக்கலாம். காஸ் மிகவும் குறைந்தாலும் கொம்பிரசரைக் காப்பாற்றுவதற்காக அழுத்த சுவிட்ச் ஒன்று அதை நிறுத்திவிடும். அந்த நிலையில் சுவிட்சை ஏமாற்றி வயரை நேரடியாக இணைத்து ஓடவைப்பவர்களும் இருக்கிறார்கள். அனுமதிக்காதீர்கள். கொம்பிரசருக்கு மசகெண்ணெயைக் கொண்டுபோவதே காஸ்தான். காஸ் இல்லாமல் ஓடினால் அது தேய்ந்து, அதன் உலோகத்தூள் முழுக் குழாய்களிலும் பரவும். சிறிய செலவு அங்கேதான் பெரிய செலவாக மாறுகிறது.

'டக்' வருகிறது, ஆனால் குளிர் இல்லை என்றால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வாகனம் ஓடும்போது குளிர்கிறதா, சிக்னலில் நிற்கும்போது மட்டும் வெக்கை வருகிறதா? அப்படியானால் சந்தேகம் முன்னால் உள்ள விசிறி மீதும் கொண்டென்சர் மீதும் விழவேண்டும். ஓடும்போது காற்று தானாக அதனூடாகப் போகிறது. நிற்கும்போது விசிறிதான் அந்த வேலையைச் செய்யவேண்டும். ஏ.சி. போட்டதும் விசிறி சுழல்கிறதா எனப் பாருங்கள். கொண்டென்சரின் மெல்லிய தகடுகளில் சேறும் பூச்சிகளும் அடைத்திருந்தால், எஞ்சின் ஆறிய பின்னர் தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவலாம். வேகத் தண்ணீர் வேண்டாம். அந்தத் தகடுகள் வளைந்துவிடும்.

புறப்படும்போது நன்றாகக் குளிர்ந்து, தூரப் பயணத்தில் ஒரு மணித்தியாலத்தின் பின் காற்று குறைந்து வெக்கை வருகிறதா? கூலிங் கொயிலில் பனிக்கட்டி பிடித்திருக்கலாம். ஏ.சி.யை நிறுத்தி வெறும் விசிறியை மட்டும் ஒரு கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். கட்டி உருகி மீண்டும் குளிர் வந்தால், கொயிலின் சூட்டை அளக்கும் சென்சரையோ அடைபட்ட பில்டரையோ பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவுக்கும் ஓர் அடையாளம் உண்டு. காஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். அதில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, குழாய் மூட்டுக்களிலும் கொண்டென்சரின் ஓரங்களிலும் டோர்ச் அடித்துத் தேடுங்கள். வாகனத்தின் கீழே சொட்டும் வெறும் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். அது குளிர்ந்த கொயிலில் படியும் ஈரம். அது வெளியே சொட்டாமல் உள்ளே கால்மிதியை நனைத்தால் மட்டும் வடிகுழாய் அடைத்திருக்கிறது என அறியுங்கள்.

இதற்கு மேல் வீட்டில் கை வைக்கக்கூடாது. காஸ் ஏற்றும் வால்வை அழுத்திப் பார்க்கவே கூடாது. பீறிடும் திரவம் பட்ட இடத்தில் தோலை உறையவைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கராஜில் கேட்க வேண்டியவை

முறையான கராஜில் முதலில் நீலம், சிவப்பு என இரு கேஜ்களைப் பூட்டுவார்கள். நம் ஊர் வெக்கையில் ஆர்-134ஏ உள்ள வாகனத்துக்கு, ஏ.சி. ஓடும்போது நீலத்தில் சுமார் 30 முதல் 45 பீ.எஸ்.ஐ., சிவப்பில் சுமார் 200 முதல் 250 என வருவது வழமை. இரண்டும் குறைவென்றால் காஸ் குறைவு. இரண்டும் மிகக் கூடியிருந்தால் காஸ் அளவுக்கு அதிகமாக ஏற்றப்பட்டிருக்கலாம், அல்லது விசிறி பழுதாக இருக்கலாம். நீலம் ஏறி, சிவப்பு இறங்கியிருந்தால் கொம்பிரசருக்கு வலு இல்லை. இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. "ரெண்டு கேஜிலயும் எவ்வளவு காட்டுது பாஸ்?" என்று கேட்டு ஒரு துண்டில் குறித்துக்கொண்டாலே போதும். கேட்பவரிடம் வேலை செய்யும் விதம் வேறு.

காஸ் குறைவென்றால் கசிவைத் தேடும் வழி என்ன என்று கேளுங்கள். நைதரசன் அழுத்திப் பார்க்கலாம். ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, சில நாட்களின் பின் ஊதா விளக்கால் தேடலாம். கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் பசை திரவத்தை ஏற்றச் சம்மதிக்காதீர்கள். அது கசிவை மட்டுமன்றி நுண்ணிய வால்வுகளையும் அடைத்துவிடக்கூடும்.

திருத்திய பின்னர் வெக்யூம் போடுகிறார்களா என்பதை அவசியம் பாருங்கள். பம்பு பூட்டி அரை மணித்தியாலமாவது உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பின்னர் பம்பை நிறுத்தி கேஜைச் சற்று நேரம் கவனிக்க வேண்டும். முள் ஏறினால் இன்னும் கசிகிறது. ஈரம் உள்ளே தங்கினால் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். அடுத்த வருடக் கசிவை இந்த வருடமே விதைத்த மாதிரி.

காஸ் ஏற்றுவது நிறையால். எவ்வளவு கிராம் என்பது பெரும்பாலும் பொனட்டின் கீழ் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பொதுவாக அரைக் கிலோவுக்குக் கிட்ட. பின் ஏ.சி.யும் உள்ள வான்களுக்கு அதைவிடக் கூட. "கொஞ்சம் கூட அடிச்சா நல்லாக் குளிரும்" என்பது உண்மையல்ல. கூடினால் குளிர் குறையும், கொம்பிரசரும் பாதிக்கப்படும்.

காஸின் வகையையும் கேளுங்கள். ஓசோன் படலத்தைப் பாதித்த பழைய ஆர்-12, 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையால் கைவிடப்பட்டது. ஆர்-134ஏ ஓசோனைப் பாதிக்காது. ஆனால் வளியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டை விடச் சுமார் 1,430 மடங்கு வலிது. அரைக் கிலோ காஸ் வளியில் கலப்பதும் ஏறத்தாழ 300 லீற்றர் பெற்றோலை எரிப்பதும் சூழலுக்கு ஒன்றுதான். புதிய வாகனங்கள் சிலவற்றில் ஆர்-1234வைஎப் என்ற வேறு காஸ் இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஏற்றக்கூடாது. மலிவென்று சமையல் காஸ் வகையைச் சேர்ந்தவற்றை ஏற்றுவது அதைவிட ஆபத்து. கசிந்தால் அது தீப்பற்றும், அதுவும் பிள்ளைகள் இருக்கும் மூடிய இடத்தில்.

எல்லாப் பாஸ்மாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் பழகிப் பழகிக் கைத்தொழில் கற்றவர்கள். வெக்யூம் பம்பு, நைதரசன் சிலிண்டர் வாங்க வசதியில்லாதவர்கள். "கெதியா அடிச்சுத் தாங்க" என்று அவசரப்படுத்தும் வாடிக்கையாளரும் இந்தப் பழக்கத்துக்குப் பொறுப்பு. குளிரூட்டல் தொழிலுக்கு தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. அது சுவரில் தொங்குகிறதா என ஒரு தடவை பார்ப்பதில் தவறில்லை.

ஹைபிரிட் வைத்திருப்போருக்கு

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் கொம்பிரசர் பெல்ட்டால் அல்ல, உயர் அழுத்த மின்சாரத்தால் இயங்குகிறது. செம்மஞ்சள் நிற வயர்களை ஒருபோதும் தொடாதீர்கள். இவற்றுக்கான கொம்பிரசர் எண்ணெயும் வேறு. சாதாரணக் காருக்குரிய எண்ணெய் கலந்தால் மின்காப்பு பாதிக்கப்பட்டு கொம்பிரசரையே மாற்ற நேரிடலாம். ஆகவே ஹைபிரிட் வேலை தெரிந்த இடத்துக்கே கொண்டுபோங்கள். எண்ணெயின் பெயரைக் கேட்டு பில்லில் எழுதுவியுங்கள்.

இந்தக் கார்களின் பெரிய பெட்டரி வாகனத்தின் உள்ளே இருக்கும் காற்றாலேயே குளிர்விக்கப்படுகிறது. பின் ஆசனத்தின் ஓரத்தில் சிறிய ஜன்னல் போல ஒரு காற்றுவாய் இருக்கும். ஏ.சி. பழுதாகி உள்ளே வெக்கை கூடினால் பெட்டரியும் சூடாகும். ஹைபிரிட்டில் ஏ.சி. திருத்தத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். பாடசாலைப் பை, தலையணை, பாய் எதனாலும் அந்த வாயை மூடிவிடாதீர்கள்.

ஏ.சி. திருத்தும் வரை என்ன செய்வது? வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தினுள் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 பாகை செல்சியஸ் வரை சூடு கூடும். குழந்தையின் உடல் பெரியவர்களை விட விரைவாகச் சூடேறுகிறது. ஏறுமுன் எல்லாக் கதவுகளையும் இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். வான் ஓட்டுவோர் திரும்பும் பயணத்துக்கு நிழலில் நிறுத்துங்கள், பிள்ளைகளிடம் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா எனக் கேளுங்கள். கடைசிப் பிள்ளை இறங்கிய பின்னர் பின் ஆசனம் வரை நடந்துபோய் ஒரு தடவை பார்த்துவிட்டு வானைப் பூட்டுங்கள். தூங்கிப்போன சின்னஞ்சிறுவர் ஆசனத்தின் கீழே சரிந்திருந்தால் கண்ணாடியில் தெரியாது.